வட்டச் சீட்டும் நீள் சீட்டும்

மாணவர்களே! சீட்டு என்றவுடன் பெற்றோர் முகஞ் சுளிப்பர். பணயம் வைத்து ஆடி அழிந்த குடும்பங்களை நானும் என் ஆசிரியப் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன். ஆதலால் அவர்களை நான் குறை கூறேன். ஆயினும் இன்று யான் பேசப்புகுவது சூதைப் பற்றியன்று. சீட்டு என்னும் பொருளைப் பற்றியும் அதனைக் கையாளும் விரல்களைப் பற்றியுமே.

எங்கள் சேரப்பணஞ்சேரியில், ஒரகடத்துத் தொழிற்சாலைக்குச் செல்லப் பேருந்தை எதிர்நோக்கி நின்ற இளைஞர் சிலர், சீட்டுக்கட்டை விசிறிபோல் விரித்தும் ஒரு கையாலேயே வெட்டியும் காட்டக் கண்டேன். மேலைநாட்டார் இதனைக் கார்டிஸ்ட்ரி என்பர். இஃது ஆட்டமும் அன்று, மாயவித்தையும் அன்று. விரலசைவின் அழகே இதன் நோக்கம். தொடங்குவோர் 'சார்லியே' என்னும் ஒருகை வெட்டைப் பயில்வர். 19ஆம் நூற்றாண்டில் இலண்டனில் இருந்த வித்தைக்காரர் ஒருவரின் பெயர் அது. அவ்விளைஞருள் ஒருவன் வைத்திருந்த பிளாஸ்டிக் கட்டு வழுக்கி வழுக்கி விழுந்தது. 63 மில்லிமீட்டர் அகலமும் 88 மில்லிமீட்டர் நீளமும் உடைய, நுண்குழிகள் பதித்த தாள் கட்டே இதற்கு ஏற்றது. குழிகளில் காற்றுத் தங்குவதால் சீட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் சீராக நழுவும்.

நம் நாட்டுப் பழஞ்சீட்டில் இவ்வித்தை நடவாது. அதன் வரலாறே வேறு.

அதற்குக் கஞ்சிபா என்று பெயர். சிந்துநாட்டுத் தட்டாவிலிருந்த ஷா ஹசன் விரும்பிக் கேட்டமையால், 1527இல் அவருக்குக் கஞ்சிபா அனுப்பியதைப் பாபர் தம் நினைவுக்குறிப்பில் எழுதியுள்ளார். அக்பர் காலத்துக் கட்டில் இனத்துக்கு 12 ஆக 12 இனங்கள், மொத்தம் 144 சீட்டுகள் என்று அபுல் பாசல் கணக்குக் காட்டுகிறார். குதிரைக்கோர் அரசன், யானைக்கோர் அரசன், கப்பலுக்கோர் அரசன், பாம்புக்குங்கூட ஓர் அரசன்! தசாவதாரக் கட்டிலோ 10 இனங்கள், 120 சீட்டுகள். பகலில் இராமனையும் இரவில் கண்ணனையும் முதன்மையாகக் கொண்டு ஆடுவது மரபு. 1831இல் ஆட்சிப் பொறுப்பை ஆங்கிலேயரிடம் இழந்த மைசூர் மன்னர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார், சீட்டாட்டங்கள் பலவற்றைத் தாமே வகுத்தார். அவற்றுள் ஒன்றுக்கு 360 சீட்டுகள் வேண்டும். நாட்டை ஆள இயலாதவர் சீட்டில் அரசாண்டார் போலும்.

ஒடிசாவிலும் வங்காளத்து விஷ்ணுபூரிலும் துணியை அடுக்கிப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, சுண்ணப்பொடி பூசி, வட்டமாக நறுக்கி, ஒவ்வொரு சீட்டையும் தூரிகையால் எழுதினர். தடித்த அவ்வட்டங்களை இக்காலத்துக் கட்டுபோல் விரலிடையே கலைத்தல் அரிது. துணிமேல் கவிழ்த்துப் பரப்பிக் கையால் கலந்தனர்.

பின்னர் ஐரோப்பியரின் நீள் சீட்டு வந்தது. மூவிலைச் சின்னத்தை நம் ஊர்களில் 'கிளாவர்' என்கிறோமே, அது டச்சுச் சொல். பழவேற்காட்டிலும் சதுரங்கப்பட்டினத்திலும் கோட்டை கட்டி வாணிகம் நடத்தியோர் மொழி. நான்கே இனங்கள், 52 சீட்டுகள், மலிந்த விலை. ஓவியன் ஒரு கட்டை எழுதி முடிக்குமுன் அச்சுப்பொறி எத்தனையோ கட்டுகளைத் தள்ளியது. தந்தையிடம் தூரிகை பிடிக்கக் கற்ற மைந்தர் வேறு பிழைப்புத் தேடினர். ஆட்ட விதிகளை அறிந்தோரும் அருகினர்.

மகாராட்டிரத்துச் சாவந்த்வாடியில் இக்கலை அணையும் தறுவாயில் இருந்தபோது, அரச குடும்பத்துச் சிவராம் சாவந்த் போன்ஸ்லேயும் சத்வசீலா தேவியும் 1970களில் அதனை மீட்க முனைந்தனர். எஞ்சியிருந்த முதியோரிடம் தேவியாரே பயின்றார். அவ்வரண்மனைக் கூடத்தில் ஓவியர்கள் இன்றும் அமர்ந்து வட்டச் சீட்டு எழுதுகின்றனர்.