பெட்டிக்குள் இருந்தது அவருக்குத் தெரியுமா?



உங்களில் பலர் இன்று துபாய், சிங்கப்பூர், மெல்போர்ன் என்று பறந்துகொண்டிருக்கிறீர்கள். அதனால் இந்த வாரம் விமான நிலையத்தோடு தொடர்புடைய ஒரு சட்ட வரலாற்றை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

ஒருவர் பெட்டியோடு வந்து இறங்குகிறார். சுங்க அதிகாரிகள் பெட்டியைப் பிரித்தால் அடியில் ஹெராயின். "ஐயா, எனக்கு எதுவும் தெரியாது" என்கிறார். அது உண்மையாகவும் இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். தெரியும் என்று அரசு நிரூபிக்க வேண்டுமா, தெரியாது என்று அவர் நிரூபிக்க வேண்டுமா? இந்த ஒரு கேள்வியில்தான் பலருடைய ஆயுளே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

சிலப்பதிகாரம் படித்த நமக்கு இது புதிதல்ல. கோவலன் கையில் சிலம்பு இருந்தால் அவனைக் கொன்று சிலம்பைக் கொண்டுவரச் சொன்னான் பாண்டியன். சிலம்பு கையில் இருந்தது உண்மை. ஆனால் திருட்டு நடக்கவில்லை. பொருள் கையில் இருப்பது வேறு, குற்றம் வேறு. ஆங்கிலேயச் சட்ட மரபும் இதையே சொல்கிறது: கடுமையான குற்றம் என்றால் செயல் மட்டும் போதாது, குற்ற மனமும் வேண்டும், இரண்டையும் நிரூபிப்பது அரசின் வேலை.

போதைப்பொருள் கடத்தல் பெருகியபோது இந்த மரபுக்குச் சோதனை வந்தது. பிடிபடுகிறவர்கள் எல்லோரும் "தெரியாது" என்றே சொல்வார்கள். மனத்துக்குள் புகுந்து பார்க்க முடியாது. அப்படியானால் யாரைத்தான் தண்டிப்பது என்று அரசுகள் கேட்டன. நியாயமான கேள்விதான். அதற்கு 1985-ஆம் ஆண்டில் இரண்டு நாடுகள் நேர் எதிரான பதில்களைச் சொன்னதுதான் வேடிக்கை.

முதல் பதில் ஆஸ்திரேலியாவில். மலேசியாவிலிருந்து மெல்போர்னில் வந்து இறங்கிய ஒருவருடைய பையின் போலி அடித்தட்டுக்குள் 2.788 கிலோ ஹெராயின் இருந்தது. அவருக்குத் தெரியும் என்று அரசு நிரூபிக்கத் தேவையில்லை என்று கீழ் நீதிமன்ற நீதிபதி ஜூரிகளுக்குச் சொல்லிவிட்டார். அவரும் தண்டிக்கப்பட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. ஹீ கா தே வழக்கு என்று இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். 1985 ஜூலையில் பெரும்பான்மை நீதிபதிகள் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து, மறு விசாரணைக்கு உத்தரவிட்டார்கள். ஆயுள் தண்டனை வரை போகக்கூடிய குற்றத்தில், தெரிந்தே கொண்டுவந்தார் என்பதை அரசுதான் நிரூபிக்க வேண்டும் என்றார்கள்.

இரண்டாவது பதில் நம் நாட்டில். அதே 1985 நவம்பரில் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் அமலுக்கு வந்தது. அதன் 35-ஆவது பிரிவு, குற்ற மனம் இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது. இல்லை என்று காட்டும் பொறுப்பு குற்றம் சாட்டப்பட்டவர் தலையில். அதுவும் ஓரளவு நம்பும்படி காட்டினால் போதாது. நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் காட்ட வேண்டும். வழக்கமாக அரசு தூக்க வேண்டிய சுமை அப்படியே மறுபக்கம் மாறிவிட்டது. பெரிய அளவிலான கடத்தலுக்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டுச் சிறை என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்தப் பிரிவு செல்லுமா என்ற கேள்வி நூர் ஆகா வழக்கில் வந்தது. ஆப்கானிஸ்தானைச் சேர்ந்த அவர் 1997-இல் அமிர்தசரஸ் விமான நிலையத்தில் பிடிபட்டார். திராட்சைப் பழம் வைத்திருந்த அட்டைப்பெட்டியில் 1 கிலோ 400 கிராம் ஹெராயின் இருந்ததாக வழக்கு. 2008-இல் உச்ச நீதிமன்றம், பிரிவு செல்லும் என்றது. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தது: பொருள் அவரிடம்தான் இருந்தது, முறைப்படி கைப்பற்றப்பட்டது, ஆய்வுக்குப் போனதும் அதே பொருள்தான் என்ற அடிப்படை உண்மைகளை அரசு முதலில் நிரூபிக்க வேண்டும், அதன் பிறகே அனுமானம் வரும். அந்த வழக்கில் அட்டைப்பெட்டியே நீதிமன்றத்துக்கு வரவில்லை. 11 ஆண்டுகள் கழித்து அவர் விடுதலையானார்.

அதிகாரிகளிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை வைத்தே "தெரியும்" என்று நிரூபிக்கும் வழக்கமும் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து போன தூபான் சிங் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் அந்தக் கதவையும் மூடியது.

மூன்றாவது பெட்டி சிங்கப்பூரில். அங்கேயும் அனுமானம் உண்டு. அளவு எல்லையைத் தாண்டினால் தூக்கும் உண்டு. 2011-இல் சாங்கி விமான நிலையத்தில் நைஜீரியர் ஒருவர் பிடிபட்டார். தெரிந்தவர் சொன்னதன் பேரில் சிங்கப்பூரில் ஒருவரிடம் கொடுக்கக் கொண்டுவந்த பெட்டி. உள்துணிக்குக் கீழே 1,961 கிராம் மெத்தாம்பெட்டமைன். அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2019-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்றைக் கவனித்தது: உள்ளே பொட்டலம் இருப்பது அவருக்கு உண்மையில் தெரியாது என்று அரசுத் தரப்பே ஏற்றுக்கொண்டு வழக்கை நடத்தியிருந்தது. அப்படி ஏற்றுக்கொண்ட பிறகு, தெரியும் என்று அனுமானிக்கச் சொல்லிக் கேட்க முடியாது என்று அவரை விடுதலை செய்தது. ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் போயிருந்தன.

அப்படியானால் ஒருவருக்குத் தெரியுமா என்பதை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? சூழ்நிலைகளை வைத்துத்தான். டிக்கெட்டுக்குப் பணம் கட்டியது யார், பெட்டியைக் கட்டியது யார், சாவி யாரிடம், சுமந்து வந்ததற்கு எவ்வளவு கூலி, கைபேசியில் யாரோடு பேச்சு, கேட்ட கேள்விக்கு வாக்கை மாற்றி மாற்றிச் சொன்னாரா என்று ஒவ்வொன்றாகக் கோப்பார்கள். சந்தேகம் வந்தும் வேண்டுமென்றே திறந்து பார்க்காமல் இருந்தால் அதுவும் எதிராகவே போகும். கண்ணை மூடிக்கொண்டேன் என்பது நல்ல சாக்கு அல்ல.

கடத்தல்காரர்களுக்காக நான் பரிந்து பேசவில்லை. போதையால் சீரழிந்த வீடுகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆனால் பெட்டியைத் தூக்கி வருகிறவர் பெரும்பாலும் ஏழை. சரக்கின் முதலாளி விமானம் ஏறுவதே இல்லை. சுமையை மாற்றிப் போடும் சட்டம் முதலில் நசுக்குவது அந்தத் தூக்குகூலியைத்தான். அவர்களில் உண்மையிலேயே அறியாதவர் ஒருவர் இருந்தால், அறியாமைக்குச் சாட்சி எங்கே தேடுவார்? அதனால்தான் அரசு முதலில் தன் பங்கை நிரூபிக்கட்டும் என்று நீதிமன்றங்கள் சொன்னது எனக்குச் சரியாகப் படுகிறது.

பிள்ளைகளே, ஒன்று மட்டும். "ஊருக்குத்தானே போறீங்க, இந்தப் பார்சலைக் கொடுத்துடுங்க" என்று யார் கேட்டாலும், உங்கள் கையால் பிரித்துப் பார்த்து நீங்களே கட்டாத எதையும் வாங்காதீர்கள். மனத்தாங்கல் வந்தால் வரட்டும். வெளிநாடு கிளம்பும் உங்கள் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்