ஹோம் தனியாகப் பிரிந்த கதை

2001-இல் தொடங்கிய ஐடி@ஸ்கூல் திட்டம் கேரளப் பள்ளிகளை க்னூ/லினக்ஸுக்குக் கொண்டுவந்ததைப் பேசுபவர்கள் பெரும்பாலும் உரிமக் கட்டணத்தைத்தான் பேசுகிறார்கள். அத்திட்டம் பின்னாளில் உருமாறிய கைட் நிறுவனம் 2019-இல் உபுண்டு அடிப்படையிலான 18.04 பதிப்பை வெளியிட்டபோதும் 3,000 கோடி ரூபாய் மிச்சம் என்பதே செய்தியானது. வடகரப்பதி போன்ற தமிழ் பேசும் எல்லை ஊர்களுக்கு அதைவிடப் பெரிய லாபம், லினக்ஸோடு வந்த ஒரு பழைய வழக்கம்: பயனரின் கோப்புகள் இருக்கும் ஹோமுக்கு வட்டில் தனிப் பகுதி, அதாவது தனிப் பார்ட்டிஷன். 18.04-க்கு வழக்கமான இலவச ஆதரவு ஐந்தாண்டுதான், அது 2023-இல் முடிந்தது. அதன்பின் புதிய பதிப்புக்கு மாறவேண்டியிருந்தது. இயங்குதளம் எத்தனை முறை வேண்டுமானாலும் கிடைக்கும். ஆனால் தமிழ்வழி ஆசிரியர் தாமே தட்டச்சு செய்த வினாத்தாளும் பாடக்குறிப்பும் அந்த ஒரு கணினியில் மட்டுமே இருக்கக்கூடும்.

இந்த வழக்கம் வட்டுகள் சிறியதாக இருந்த காலத்தில் பிறந்தது. 1971-இல் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் வளர்த்த யூனிக்ஸிலேயே, இன்னொரு வட்டைக் கோப்பு மரத்தின் ஒரு கிளையில் இணைக்கும் மவுன்ட் கட்டளை இருந்தது. இடப் பற்றாக்குறைக்குக் கண்ட வழி பின்னாளில் பாதுகாப்பாயிற்று. மறுபதிவின்போது பழைய பார்ட்டிஷனைத் தேர்ந்து, மவுன்ட் இடமாக ஹோமைக் குறித்து, ஃபார்மட் கட்டத்தில் டிக் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். குறிக்க மறந்தால் புதிய ஹோம் காலியாகத் தெரியும். கோப்புகள் அழிந்திருக்காது, பழைய பார்ட்டிஷனிலேயே இருக்கும். அந்தப் பார்ட்டிஷனின் தனி அடையாளமான யூயூஐடியை, எதை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரியாகச் சேர்த்தால் அவை மீண்டும் தெரியும். இன்னொரு கவனமும் தேவை: லினக்ஸ் கோப்பின் உரிமையாளரைப் பெயரால் அல்ல, எண்ணால் அறிகிறது. உபுண்டுவில் முதல் பயனரின் எண் 1000. பல பயனர்கள் உள்ள ஆய்வகக் கணினியில் கணக்குகளை வேறு வரிசையில் உருவாக்கினால் ஒருவர் கோப்பு இன்னொருவருடையதாகிவிடும். பழைய எண் வரிசையை முன்பே குறித்துவைப்பது அவசியம்.

பெரிய வட்டுகள் வந்துவிட்ட பிறகு தனிப் பார்ட்டிஷன் எதற்கு, ஒரு பக்கம் நிரம்பி மறுபக்கம் காலியாகக் கிடக்குமே என்பார்கள். நியாயமான குறைதான். உபுண்டு நிறுவியும் இயல்பாக எல்லாவற்றையும் ஒரே பார்ட்டிஷனில்தான் வைக்கிறது. ஹோமில் இருக்கும் பழைய அமைவுக் கோப்புகள் புதிய பதிப்பில் சிக்கல் தருவதும் உண்டு. ஆனால் அவற்றைப் பெயர் மாற்றி ஒதுக்கிவிடலாம், அழிந்த வினாத்தாளை அப்படி மீட்க முடியாது. எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம், வட்டே பழுதானால் இரண்டு பார்ட்டிஷனும் சேர்ந்தே போகும் என்பது. அதை மறுக்க வழியில்லை. எனவே பள்ளிக் கணினியைப் பொறுப்பில் வைத்திருப்பவர்கள் ஹோமைத் தனியாகப் பிரித்துவையுங்கள். மறுபதிவுக்கு முன் அதன் நகலொன்றை வெளி வட்டிலும் எடுத்துவிடுங்கள்.