ஊடுருவும் தலைக்காய அறுவையில் படமெடுப்பு

குண்டு, குண்டுச்சிதறல், கத்தி போன்றவை மண்டையோட்டைத் துளைத்து மூளைக்குள் இறங்கிய காயத்துக்கு அறுவை செய்கையில், ஆபரேஷன் மேசையிலேயே தலையைப் படமெடுத்துப் பார்க்கும் முறை.

1895 நவம்பரில் ரான்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டே, லங்காஷயரில் தலையில் சுடப்பட்ட ஒரு பெண்ணை மான்செஸ்டர் இயற்பியலாளர் ஆர்தர் ஷுஸ்டரின் குழு படமெடுத்தது. ஒரு படத்துக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் அவர் அசையாமல் கிடக்க வேண்டியிருந்தது. தட்டையான படம் குண்டின் ஆழத்தைச் சொல்லாது. கதிர்க்குழாயை இரண்டு இடங்களில் வைத்துப் படமெடுத்து, நிழல் நகர்ந்த தூரத்திலிருந்து ஆழத்தைக் கணக்கிடும் வழியை பிரிட்டிஷ் மருத்துவர் மெக்கன்சி டேவிட்சன் வகுத்தார்.

முதல் உலகப் போரில், 1917இல், பெல்ஜியப் போர்முனையில் பணியாற்றிய அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் படத்தை அறுவையோடு நெருக்கமாகப் பிணைத்தார். படத்தில் இடம் குறித்துக்கொண்டு, முனை மழுக்கிய ஆணியைக் காயத்தின் தடம் வழியே மெல்ல இறக்கினார். ஆணியின் மறுமுனையில் மின்காந்தத்தைத் தொடவைத்து இழுத்தபோது, இரும்புச் சிதறல் அதன் நுனியில் ஒட்டிக்கொண்டு வந்தது. மூன்று மாதங்களில் அவரிடம் வந்த மூளைக்காய நோயாளிகளின் இறப்பு விகிதம் சுமார் 55 விழுக்காட்டிலிருந்து 29 ஆகக் குறைந்தது. சிதைந்த திசுவை நன்றாகக் கழுவி உறிஞ்சி அகற்றியதற்கும் இதில் பெரும் பங்குண்டு.

படம் தெளிவாகத் தெளிவாக, தெரிவதையெல்லாம் எடுத்துவிட வேண்டும் என்ற எண்ணமும் வலுத்தது. வியட்நாம் போரில் எலும்புச் சில்லு ஒன்று மிஞ்சியது படத்தில் தெரிந்தால், மறுபடி மண்டையைத் திறந்தார்கள். சி.டி. ஸ்கேன் 1971 அக்டோபரில் லண்டனில் முதல் நோயாளியைப் படமெடுத்தது. 1982இல் தொடங்கிய லெபனான் போரில் இஸ்ரேலிய மருத்துவர்கள் சி.டி. ஸ்கேனின் துணையோடு, ஆழத்தில் கிடந்த சில்லுகளைத் தேடிப்போகாமல் விட்டார்கள். தேடுவதால் நல்ல மூளையும் சேதமாகும். இந்த வரலாற்றில் மிக முக்கியமான திருப்பம் இந்த நிதானமே.

அறுவைக்கு முன் எடுத்த படத்தை முழுக்க நம்ப முடியாது. மண்டையைத் திறந்ததும் மூளை இடம் பெயரும். மூளை அறைக்குள் கிடக்கும் குண்டோ, தலையைத் திருப்பினால் புவியீர்ப்பால் உருண்டுவிடும். அதனால், நோயாளியை அறுவைக்குரிய நிலையில் படுக்கவைத்த பிறகே மீண்டும் ஒரு எக்ஸ்-ரே எடுக்கிறார்கள். 1980களில் மூளை அறுவைக்குள் வந்த அல்ட்ராசவுண்ட் இதற்கு எளிய துணையானது. எலும்பு திறந்த இடத்தில் உப்புநீர் ஊற்றிக் கருவியின் முனையை வைத்தால், சில்லும் உலோகமும் வெள்ளையாக மின்னும். புதிய ரத்தக்கட்டும் அப்படியே தெரியும் என்பதால் பழகிய கண் வேண்டும். எம்.ஆர்.ஐ. 1994இல் பாஸ்டனில் அறுவை அரங்குக்குள் வந்தபோதிலும், தலைக்குள் இரும்பு இருந்தால் அதன் காந்தம் அதை அசைத்துவிடும்.

கத்தி குத்தியபடியே வருபவர்களுக்குக் கவலை வேறு: அது ரத்தக்குழாயைக் கிழித்து, தானே அடைத்தும் இருக்கலாம். ஆகவே முதலில் ரத்தக்குழாய்ப் படம் எடுக்கிறார்கள். கத்தியை அரங்கில் வைத்துத்தான் உருவுகிறார்கள். அந்தக் காயத்தில் பின்னாளில் ரத்தக்குழாய் வீங்கி வெடிக்கக்கூடும் என்பதால், சில நாள் கழித்து அதே படத்தை மறுபடி எடுப்பதும் வழக்கம்.