வீடு இருந்தால் ஓட்டு: டெரி நகரத்தின் கதை

உங்களுக்கு 25 வயசு, வேலைக்குப் போறீங்க, அப்பா அம்மாவோட இருக்கீங்கன்னு வைங்க. 1960-கள்ல நீங்க வட அயர்லாந்தோட டெரி நகரத்துல இருந்திருந்தா, லண்டன் நாடாளுமன்றத் தேர்தல்ல ஓட்டுப் போடலாம். ஆனா உங்க ஊர் நகராட்சித் தேர்தல்ல போட முடியாது!

காரணம், உள்ளாட்சி ஓட்டு வீட்டு வரியோட கட்டப்பட்டிருந்தது. வீட்டுக்காரர் அல்லது நேரடி வாடகைதாரர், அவரோட துணைவர், இவங்களுக்குத்தான் ஓட்டு. வளர்ந்த பிள்ளைகள், ஒரு ரூமை உள்வாடகைக்கு எடுத்தவங்க, யாருக்கும் கிடையாது. அதே சமயம் ஒரு கம்பெனி, தன் சொத்து மதிப்பைப் பொறுத்து 6 பேர் வரைக்கும் கூடுதல் வாக்காளர்களை நியமிக்கலாம். பிரிட்டனில் 1945-லேயே குடியிருக்கும் வயதுவந்த எல்லாருக்கும் உள்ளாட்சி ஓட்டு வந்துடுச்சு. வட அயர்லாந்து அரசு பழைய விதியையே வச்சுக்கிட்டது.

இந்த விதியில மதம்னு ஒரு வார்த்தைகூட இல்லை. ஆனா ஏழைகள், கூட்டுக் குடும்பமா நெருக்கி வாழ்ந்தவங்க, இவங்கள்ல கத்தோலிக்கர்களே அதிகம். அதனால அடி அவங்களுக்குத்தான் பலமா விழுந்தது.

இப்போ முக்கியமான இடத்துக்கு வருவோம். வாடகை வீடு கட்டி ஒதுக்குறது யாரு? அதே நகராட்சி! வீடு கொடுத்தா ஓட்டும் கொடுத்த மாதிரி. அப்போ யாருக்கு, எந்த வார்டுல வீடுங்கறதே தேர்தல் கணக்கா மாறிடுது.

1967 கணக்கைப் பாருங்க. அந்த வடிகட்டலைத் தாண்டியும் டெரியில் கத்தோலிக்க வாக்காளர்கள் 14,429, மற்றவர்கள் 8,781. கத்தோலிக்கர்கள்ல 10,047 பேர் தெற்கு வார்டு ஒண்ணுலயே இருந்தாங்க. அந்த வார்டுக்கு 8 இடம். மற்ற ரெண்டு வார்டுக்கும் சேர்த்து 12 இடம், அது மொத்தமும் யூனியனிஸ்ட் கட்சிக்கு. சிறுபான்மை வாக்காளர்கள் பக்கம் 12, பெரும்பான்மை பக்கம் 8. வேற வார்டுல ஒரு கத்தோலிக்கக் குடும்பத்துக்கு வீடு கொடுத்தா இந்தக் கணக்கே ஆட்டம் கண்டுடும். அதனால பல குடும்பங்கள் வருஷக்கணக்கா காத்திருந்தாங்க.

1968 அக்டோபர் 5, டெரியின் டியூக் தெரு. வீடும் ஓட்டும் கேட்டு, தடையை மீறி ஊர்வலம் போனவங்களைப் போலீஸ் தடியால் அடிச்சதை டிவியில் உலகமே பார்த்தது. ‘ஒரு ஆளுக்கு ஒரு ஓட்டு’ங்கற கோரிக்கையை 1969 ஏப்ரலில் அரசு ஏத்துக்கிச்சு. ஆனா புது விதியில் முதல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது 1973 மே மாதம்தான். அதுக்குள்ள, 1969 ஆகஸ்டிலேயே, ராணுவம் தெருவுக்கு வந்தாச்சு. அந்த மோதல் முப்பது வருஷம் ஓடுச்சு. அதுக்கு ஓட்டு விதி மட்டுமே காரணம் இல்லை. ஆனா ஓட்டுல தீர்க்க வேண்டிய சண்டை தெருவுக்கு வந்ததுல அதுக்குப் பெரிய பங்கு உண்டு.

கோட் எழுதுறவனா எனக்கு இதுல ஒரு பாடம். ஒரு கண்டிஷனைப் படிச்சுப் பார்த்தா நியாயமாத்தான் தெரியும். அதை ஓடவிட்டு, யார் உள்ளே வர்றாங்க, யார் வெளியே நிக்கிறாங்கன்னு எண்ணிப் பார்த்தாத்தான் அது உண்மையில என்ன செய்யுதுன்னு புரியும். அடுத்த எபிசோடில் சந்திப்போம்.