12 உலகக் கோப்பை, 11 நெதர்லாந்துக்கு: கோர்ஃப்பால் கதை

நேத்து முழங்கால் வலின்னு வந்த ஒரு கல்லூரிப் பொண்ணு, "நெட்பால் ஆடுவேன் டாக்டர்"ன்னு சொன்னாங்க. பேச்சு எங்கெங்கேயோ போய் கோர்ஃப்பால்ல நின்னுச்சு. அவங்க கேள்விப்பட்டதே இல்லையாம். நம்மில் நிறைய பேர் அப்படித்தான். அதனால இந்த த்ரெட். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

1902. ஆம்ஸ்டர்டாமில் நிகோ ப்ரூக்ஹாய்சென்னு ஒரு பள்ளி ஆசிரியர். ஸ்வீடன்ல நேஸ் என்ற ஊர்ல நடந்த ஒரு பயிற்சிக்குப் போனவர், அங்கே கம்பத்தில் மாட்டிய வளையத்துக்குள்ள பந்து போடும் ஒரு விளையாட்டைப் பார்த்தார். ஊர் திரும்பி வளையத்துக்குப் பதிலா கூடையை மாட்டினார். டச்சு மொழியில் 'கோர்ஃப்'னா கூடை. அவர் வகுப்பில் பையன்களும் பொண்ணுங்களும் சேர்ந்து படிச்சாங்க, அதனால சேர்ந்தே ஆடவும் வெச்சார்.

இப்போ ஒரு அணிக்கு 4 ஆண், 4 பெண். கூடை 3.5 மீட்டர் உயரம், அதாவது பேஸ்கட்பால் வளையத்தைவிட ஒரு முழம் மேல. பின்பலகை கிடையாது. பந்தோட ஓடக் கூடாது, தட்டிக்கிட்டும் போகக் கூடாது, பாஸ்தான் பண்ணணும். ஆணை ஆண்தான் மறிக்கணும், பெண்ணைப் பெண்தான். கைக்கெட்டும் தூரத்தில் கூடைக்கும் உங்களுக்கும் நடுவில் எதிராளி கையைத் தூக்கி நின்னா, நீங்க பந்தை எறியவே கூடாது. உயரமா இருந்தா மட்டும் ஜெயிச்சிட முடியாதுங்கறது இந்த விதியோட வேலை. இரண்டு கோல் விழுந்ததும் தாக்கினவங்க தடுக்கப் போகணும், தடுத்தவங்க தாக்க வரணும். 'பொண்ணுங்க பின்னாடி நில்லுங்க'ன்னு யாரும் சொல்ல முடியாது. விதியே விடாது.

1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் இது காட்சிப் போட்டி. டச்சுக்காரங்க ஆடிக் காட்டினதைப் பார்த்து பெல்ஜியத்துக்குப் பிடிச்சுப் போச்சு. அடுத்த வருஷமே அங்கே சங்கம் வந்துருச்சு. இந்த விளையாட்டோட பெரிய பகை அங்கேதான் ஆரம்பிச்சது.

1928, ஆம்ஸ்டர்டாம். மறுபடியும் காட்சிப் போட்டி, இந்த முறை சொந்த ஊர்ல. இங்கே ஒரு நிமிஷம் நிக்கணும், ஏன்னா இது எங்க தொழிலைத் தொடுற இடம். அதே ஒலிம்பிக்கில்தான் பெண்களுக்கு முதல்முறையா 800 மீட்டர் ஓட்டம் வெச்சாங்க. ஜெர்மனியின் லீனா ராட்கே ஜெயிச்சாங்க. இறுதிப் போட்டியில் 9 பேர் ஓடினாங்க, 9 பேரும் ஓடி முடிச்சாங்க. ஆனா பத்திரிகைகள் 'பெண்கள் சுருண்டு விழுந்தார்கள்'னு எழுதித் தள்ளின. 800 மீட்டர் ஓடிட்டு மூச்சு வாங்கி தரையில் சாய்றது ஆணுக்கும்தான் நடக்கும். அதுக்கு ரத்தத்தில் ஏறும் லாக்டேட் போதும், கர்ப்பப்பை காரணம் இல்ல. அந்தக் காலத்து டாக்டர்கள் பலரும் 'பெண் உடம்பு இதைத் தாங்காது'ன்னு ஒத்து ஊதினாங்க. விளைவு, 1960 வரைக்கும் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டர் இல்ல. 32 வருஷம்! அதே ஊர்ல, அதே ஒலிம்பிக்கில், ஆணும் பெண்ணும் ஒரே அணியா ஒரே களத்தில் ஓடி ஆடிட்டிருந்தாங்க. அதை யாரும் சாட்சியா எடுத்துக்கல.

அதுக்கப்புறம் கோர்ஃப்பாலும் ஒலிம்பிக் பக்கம் போகல. 1933-ல் ஆண்ட்வெர்ப்பில் டச்சும் பெல்ஜியமும் சேர்ந்து சர்வதேசக் கூட்டமைப்பைத் தொடங்கினாங்க. முதல் உலகக் கோப்பைக்கு 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இதுவரை 12 உலகக் கோப்பை. நெதர்லாந்து 11. இறுதிப் போட்டியில் எதிர்ல பெரும்பாலும் பெல்ஜியம். 1985-ல் லண்டன்ல கோர்ஃப்பால் உலக விளையாட்டுகளில் சேர்ந்ததில் இருந்து 2022 பர்மிங்ஹாம் வரை அந்தத் தங்கமும் நெதர்லாந்துக்கே.

ஒரே ஒரு கறை 1991. இடம் ஆண்ட்வெர்ப். 71 வருஷம் முன்னாடி எந்த ஊர்ல விளையாட்டைக் கத்துக் கொடுத்தாங்களோ, அதே ஊர்ல பெல்ஜியம் இறுதிப் போட்டியில் அவங்களை வீழ்த்தினாங்க. 2018 ஜகார்த்தாவில் கபடியில் ஈரான்கிட்ட தோத்த நமக்கு அந்த வலி புரியும்.

அடுத்த உலகக் கோப்பை எங்கே தெரியுமா? 1995, புது டெல்லி! நம்ம மண்ணில்தான் நெதர்லாந்து கோப்பையைத் திரும்ப எடுத்தது. அப்போ நான் டியூஷனுக்கும் வீட்டுக்கும் அலைஞ்சிட்டிருந்தேன், செய்தி காதுல விழவே இல்ல. இந்தியாவிலும் கூட்டமைப்பு இருக்கு, ஆடறவங்களும் இருக்காங்க.

ஏன் இவ்வளவு ஆதிக்கம்? மரபணுன்னு கதை விடாதீங்க. அங்கே சின்ன ஊர்ல கூட கோர்ஃப்பால் கிளப் இருக்கும். அப்பா அம்மா ஒரே அணியில் ஆடினவங்க, பிள்ளைங்க ஆறு வயசுல கூடையைப் பார்த்து எறிய ஆரம்பிக்குது. மத்த நாடுகளில் பலர் கல்லூரிக்கு வந்த பிறகுதான் இந்தப் பந்தைத் தொடறாங்க. கை-கண் ஒத்திசைவில் அந்த பத்து வருஷ இடைவெளியை எந்த கோச்சாலும் முழுசா நிரப்ப முடியாது.

ஆனா இந்த வெற்றியே அவங்களுக்கு வினையாவும் இருக்கு. 1993-ல் ஒலிம்பிக் கமிட்டி அங்கீகாரம் கொடுத்துச்சு, போட்டியில் இடம் மட்டும் தரல. யார் ஜெயிப்பாங்கன்னு முன்னாடியே தெரிஞ்ச ஆட்டத்துக்கு யார் இடம் கொடுப்பா? கொடுமை என்னன்னா, இன்னைக்கு ஒலிம்பிக்கில் கலப்பு ரிலே, கலப்பு நீச்சல்னு புதுசு புதுசா சேர்க்கறாங்க. 1902-லேயே அதைச் செஞ்ச விளையாட்டு வாசல்ல நிக்குது.

டச்சு பயிற்சியாளர்கள் மத்த நாடுகளுக்குப் போய்ச் சொல்லித் தர்றாங்க. தன்னைத் தோற்கடிக்கத் தானே ஆள் தயார் பண்ணணும், வேற வழியில்ல. 2023 உலகக் கோப்பை தைப்பேயில் நடந்தது. இறுதியில் நெதர்லாந்துக்கு எதிரா நின்னது பெல்ஜியம் இல்ல, சொந்த ஊர் அணியான தைவான். சர்வதேசப் போட்டிகளில் சொந்தப் பெயர்ல ஆட முடியாம 'சைனீஸ் தைப்பே'ன்னு ஆடறவங்க. தங்கம் வழக்கம்போல நெதர்லாந்துக்குப் போச்சு. பெல்ஜியம் மூணாவது.

அந்தப் பொண்ணோட முழங்காலுக்கு ரெண்டு வாரம் ஓய்வு, அப்புறம் தொடைத் தசைப் பயிற்சி எழுதிக் கொடுத்திருக்கேன். போகும்போது, "அந்தக் கூடை எங்க டாக்டர் கிடைக்கும்?"னு கேட்டுட்டுப் போனாங்க.