க்ரூஸர் பைக்கும் வைப்ரேஷனும்: நூறு வருடக் கதை

"வண்டி ரொம்ப உதறுது..." க்ரூஸர் பைக் வைத்திருப்பவர்கள் மெக்கானிக்கிடம் அடிக்கடி சொல்லும் புகார் இது. கண்ணாடியில் பின்னால் வரும் லாரி மங்கலாகத் தெரியும். ஒரு மணி நேரம் ஓட்டினால் விரல்கள் மரத்துப் போகும். நம்பர் பிளேட் போல்ட் எங்கே விழுந்தது என்றே தெரியாது. இது நோயா, இல்லை வண்டியின் பிறவிக் குணமா?

அந்த எஞ்சினை வடிவமைத்தவர் அதிர்வை என்ன செய்ய நினைத்தார் என்று தெரிந்தால்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும். கடந்த நூறு வருடங்களில் அதிர்வுக்குப் பலவிதமான வைத்தியங்கள் செய்து பார்க்கப்பட்டிருக்கின்றன. எந்த வைத்தியம் செய்த வண்டி என்று தெரியாமல் கை வைத்தால், நல்ல எஞ்சினைப் பிரித்துக் காசைக் கரியாக்க வேண்டி வரும். அல்லது உடையப் போகிற மவுண்டிங்கை "க்ரூஸர்னா அப்படித்தான்" என்று விட்டுவிட நேரும். இரண்டாவது தவறு ஆபத்தானதும் கூட.

அதிர்வு எங்கிருந்து வருகிறது?

பிஸ்டன் மேலே போய் நின்று, திரும்பிக் கீழே வந்து நின்று, மறுபடி மேலே போகிறது. க்ராங்க் ஒரு சுற்று சுற்றுவதற்குள் இரண்டு முறை நின்று கிளம்புகிறது. ஒவ்வொரு முறை அதை நிறுத்தித் திருப்பும்போதும் அந்த விசை எஞ்சின் வழியாக ஃப்ரேமுக்குப் போகிறது. வேகம் இரண்டு மடங்கானால் இந்த விசை நான்கு மடங்காகும்.

இதற்கு முதல் வைத்தியம், க்ராங்க்கில் பிஸ்டனுக்கு எதிர்ப்பக்கம் எடை வைப்பது. ஆனால் பிஸ்டன் மேலும் கீழும் மட்டும் போகிறது. எதிர் எடையோ வட்டமாகச் சுற்றுகிறது. முழு எடையையும் வைத்தால் மேல்-கீழ் அதிர்வு போய், அதே அளவு முன்-பின் அதிர்வு வந்துவிடும். அதனால் பொதுவாகப் பாதிக்குச் சற்று மேலே வைத்து நிறுத்திக்கொள்வார்கள். இது ஒரு சமரசம். அதிர்வு ஒழியாது, இடம் மாறும்.

ஹார்லியின் 45 டிகிரி

ஹார்லி-டேவிட்சன் தன் முதல் வி-ட்வின் எஞ்சினை 1909-ல் கொண்டு வந்தது. அது சரியாக அமையாததால் திருத்தி 1911-ல் மறுபடி வெளியிட்டது. இரண்டு சிலிண்டர்களுக்கும் இடையே 45 டிகிரி. இரண்டு கனெக்டிங் ராடுகளுக்கும் ஒரே க்ராங்க் பின்.

இதே வி-ட்வினை 90 டிகிரியில் அமைத்தால், ஒரே க்ராங்க் பின்னில், எதிர் எடையை வைத்தே முதன்மை அதிர்வை முழுவதும் ரத்து செய்துவிடலாம். டுகாட்டியும் மோட்டோ குஸியும் பின்னாளில் இதைத்தான் செய்தன. ஆனால் பைக் ஃப்ரேமுக்குள் நீளவாக்கில் வைத்தால் 90 டிகிரி எஞ்சின் அதிக இடத்தை அடைக்கும். 45 டிகிரி எஞ்சின் அந்த முக்கோண இடத்தில் அழகாக உட்கார்ந்துகொள்ளும். அதற்குக் கொடுத்த விலை, இரண்டு பிஸ்டன்களும் கிட்டத்தட்ட ஒன்றாகவே ஏறி இறங்குவது. ஒரு பெரிய ஒற்றை சிலிண்டர் எஞ்சினைப் போலவே அது உதறும். ஒரு சிலிண்டர் வெடித்து 315 டிகிரி கழித்து அடுத்தது, பிறகு 405 டிகிரி இடைவெளி. இந்தச் சமமில்லாத தாளம்தான் ஹார்லியின் புகழ்பெற்ற 'பொடேட்டோ-பொடேட்டோ' சத்தம்.

ஆக, அந்த அதிர்வு யாரோ தவறு செய்ததால் வந்ததில்லை. இடத்துக்காக ஏற்றுக்கொண்டது!

ரப்பர் வைத்தியம்

ரப்பர் வைத்தியத்தைப் பிரபலமாக்கியது க்ரூஸரே அல்லாத ஒரு பிரிட்டிஷ் பைக். நார்ட்டனின் இரட்டை சிலிண்டர் எஞ்சின் 1949-ல் 500 சிசியாக விற்பனைக்கு வந்தது. பிறகு 600, 650, 750 சிசி என்று வளர்ந்தது. இரண்டு பிஸ்டன்களும் ஒன்றாகவே ஏறி இறங்கும் அமைப்பு. 500 சிசியில் பொறுத்துக்கொள்ளக்கூடிய அதிர்வு 750-ல் தாங்க முடியாததானது. புது எஞ்சின் செய்யப் பணம் இல்லை.

1967-ல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் வந்த கமாண்டோ பைக்கில் இதற்கு வழி கிடைத்தது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்ம் மூன்றையும் ஒன்றாகக் கோத்து, ரப்பர் வழியாக ஃப்ரேமில் தொங்கவிட்டார்கள். பெயர் ஐசோலாஸ்டிக். மேலும் கீழும் ஆடலாம், பக்கவாட்டில் ஆடக்கூடாது. பக்கவாட்டில் ஆடினால் பின் சக்கரமும் சேர்ந்து ஆடும். அதனால் பக்கவாட்டு இடைவெளியை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கு, அதாவது சுமார் 0.25 மில்லிமீட்டரில் மெல்லிய தகடுகள் வைத்து அமைத்தார்கள். இடைவெளி குறைந்தால் அதிர்வு ஃப்ரேமுக்கு வந்துவிடும். கூடினால் வளைவில் வண்டி நெளியும். தேயத் தேயப் பிரித்துத் தகடு மாற்ற வேண்டியிருந்தது. 1975 மாடலில்தான் திருகியே சரிசெய்யும் வசதி வந்தது.

ஹார்லி இந்த வழிக்கு 1980 மாடல் எஃப்எல்டி டூர் க்ளைட் பைக்கில் வந்தது. ரப்பர் மவுண்டிங் வண்டியில் ஒரு வேடிக்கை உண்டு. ஐட்லிங்கில் எஞ்சின் கண்ணுக்குத் தெரியும்படி குதிக்கும், முன் மட்கார்டு நடனமாடும். ஆக்ஸிலரேட்டரைத் திருகி வேகம் ஏறியதும் எல்லாம் அடங்கிவிடும். ரப்பரில் தொங்கும் எஞ்சினுக்கு இயல்பாக ஆடும் வேகம் ஒன்று இருக்கிறது. அதன் அருகில் ஆட்டம் பெரிதாகும். அதைத் தாண்டிப் போனதும் ரப்பர் அதிர்வை விழுங்கிவிடும். எனவே இந்த வகை வண்டியில் ஐட்லிங் ஆட்டம் ஆரோக்கியத்தின் அடையாளம். ஹைவே வேகத்தில் உதறினால்தான் நோய். ரப்பர் அமுங்கி உலோகம் உலோகத்தில் முட்டுகிறதா, பக்கவாட்டு லிங்க் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

சுற்றும் எடைகள்

ஜப்பானியர்கள் வேறு வழியில் போனார்கள். க்ராங்க்குக்கு எதிர்த்திசையில் சுற்றும் எடை ஒன்றை வைத்தால், மேல்-கீழ் விசையைக் குறைத்து முன்-பின் விசையையும் அடக்கலாம். இதுதான் பேலன்ஸர் ஷாஃப்ட். யமஹா 1973-ல் டிஎக்ஸ் 750 பைக்கில் இதைப் பெருமையோடு கொண்டு வந்தது. ஆனால் சுற்றும் எடைகள் கீழே இருந்த ஆயிலைக் கடைந்து நுரையாக்கின. நுரை பேரிங்குகளைக் காப்பாற்றாது. எடைகளைச் சுற்றிய செயின் நீண்டதும் அவை நேரம் தவறின. நேரம் தவறிய பேலன்ஸர் அதிர்வைக் குறைக்காது, கூட்டும்! பைக் சீக்கிரமே சந்தையிலிருந்து மறைந்தது. பேலன்ஸர் உள்ள எஞ்சினைப் பிரித்துப் பூட்டிய பிறகு புதிதாக அதிர்வு வந்தால், டைமிங் குறிகளைப் பார்க்க வேண்டும் என்ற பாடம் மிஞ்சியது.

ஹோண்டா பின்னோக்கிப் போன கதை

ஹோண்டா இன்னும் புத்திசாலித்தனமாக யோசித்தது. 45 டிகிரி வி எஞ்சினில் ஒரே க்ராங்க் பின்னுக்குப் பதில், 90 டிகிரி தள்ளி இரண்டு பின்கள் வைத்தால் 90 டிகிரி எஞ்சினைப் போலவே முதன்மை அதிர்வு ரத்தாகும். 1983-ல் வந்த ஷேடோ 750 க்ரூஸர் அப்படித்தான் இருந்தது. பார்க்க ஹார்லி மாதிரி, ஓட்டினால் வெண்ணெய் மாதிரி.

பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். 1995-ல் ஹோண்டா ஷேடோ 1100 ஏஸ் என்ற பைக்கைக் கொண்டு வந்தது. அதில் இரண்டு பின்களை எடுத்துவிட்டு ஒரே பின் வைத்தது. அமெரிக்க வாடிக்கையாளர்கள் அந்தப் பழைய துடிப்பையும் சத்தத்தையும் விரும்பினார்கள்! கஷ்டப்பட்டு ஒழித்த அதிர்வைக் கம்பெனியே திரும்பக் கொண்டு வந்தது. அதே காலத்தில், 1994-ல், தன் எஞ்சின் சத்தத்தை டிரேட்மார்க்காகப் பதிவு செய்ய ஹார்லி விண்ணப்பித்திருந்தது. எதிர்ப்புகளுக்குப் பிறகு 2000-ல் அதைத் திரும்பப் பெற்றது.

அந்த 2000 மாடலிலேயே ஹார்லி தன் சாஃப்டெயில் பைக்குகளில் பேலன்ஸர் வைத்த ட்வின் கேம் 88பி எஞ்சினைப் போட்டது. சாஃப்டெயிலில் எஞ்சின் ரப்பர் இல்லாமல் நேராக ஃப்ரேமில் பூட்டப்படுகிறது. 2016-ல் வந்த மில்வாக்கி-எய்ட் எஞ்சினில் இன்னொரு படி. டூரிங் பைக்குகளில் அதை ரப்பரில் தொங்கவிட்டதோடு ஒரு பேலன்ஸரும் வைத்தார்கள். அது ஐட்லிங்கில் முதன்மை அதிர்வில் 75 சதவீதத்தை மட்டும் ரத்து செய்யும் என்று கம்பெனி சொன்னது. மீதி 25 வேண்டுமென்றே விட்டது. குணத்துக்கும் நோய்க்கும் இடையிலான கோட்டை ஒரு கம்பெனி சதவீதத்திலேயே போட்டுக் காட்டிய இடம் இது.

சென்னையிலும் இதே கதை நடந்தது. 1955-லிருந்து இங்கே தயாரான புல்லட் 350-ல் ஒற்றை சிலிண்டர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், பேலன்ஸர் கிடையாது. 2002-ல் வந்த தண்டர்பேர்டு க்ரூஸரிலும் கிடையாது. அதன் இடத்தில் 2020 நவம்பரில் வந்த மீட்டியார் 350-ல்தான் பேலன்ஸர் ஷாஃப்ட் வந்தது.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது?

1. முதலில் வண்டியின் மாடல் வருடம். ஹார்லி ஸ்போர்ட்ஸ்டர் 2003 வரை நேராகப் பூட்டிய எஞ்சின். 2004-லிருந்து ரப்பர் மவுண்டிங். ஒரே பெயர், ஆனால் 2003-ல் சாதாரணமான ஹைவே உதறல் 2004-ல் கோளாறு.

2. அதிர்வு எஞ்சின் வேகத்தோடு வருகிறதா, வண்டி வேகத்தோடு வருகிறதா? காலியான ரோட்டில், அதே கிலோமீட்டர் வேகத்தில் கியரை மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். அதிர்வு மாறினால் எஞ்சின் பக்கம். மாறாமல் இருந்தால் டயர், வீல், வீல் பேரிங் பக்கம். கைக்கே இது தெரியும். 3000 ஆர்பிஎம்மில் எஞ்சின் நொடிக்கு 50 முறை சுற்றுகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குச் சுமார் 11 முறைதான் சுற்றுகிறது. முன்னது ரீங்காரம், பின்னது ஆட்டம்.

3. நின்றபடி நியூட்ரலில் அதே ஆர்பிஎம்முக்குக் கொண்டு போனாலும் வருகிறதா? வந்தால் எஞ்சின் அல்லது மவுண்டிங். லோடு ஏறி இழுக்கும்போது மட்டும் வந்தால் செயின் அல்லது பெல்ட், ஸ்ப்ராக்கெட். இழுவையில் மட்டும் எஞ்சினை நகர விடும் தளர்ந்த மவுண்டிங்கும் இப்படிக் காட்டும்.

4. திடீரென்று வந்ததா, மெல்ல மெல்ல வந்ததா? சர்வீஸ் முடிந்து வந்த மறுநாள் என்றால் தளர்ந்த போல்ட், சரியாக மாட்டாத ப்ளக் வயர். மாதக்கணக்கில் கூடியது என்றால் ரப்பர், பேரிங், செயின். ஒரு சிலிண்டர் சரியாக வெடிக்காவிட்டால் உதறல் மெதுவான தாளத்தில் வரும். ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கிறது, அதனால் எஞ்சின் வேகத்தில் பாதித் தாளம்.

இந்த நான்கு கேள்விகளுக்கும் ஸ்பானர் தேவையில்லை. இதற்குப் பிறகுதான் மவுண்டிங் போல்ட்டுகளைப் பார்ப்பது, ஃப்ரேமில் விரிசல் தேடுவது, கடைசியாக எஞ்சினைத் திறப்பது.

2021 செப்டம்பரில் ஆப்பிள் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. அதிக சக்தி கொண்ட மோட்டார் சைக்கிள் எஞ்சின்களின் அதிர்வு ஹேண்டில்பார் வழியாக ஐஃபோன் கேமராவைக் கெடுக்கலாம் என்று. போனில் கேமராவை அசையாமல் பிடித்துக்கொள்ளும் நுண்ணிய பாகம்தான் அதில் பாதிக்கப்படுவது. 'குணம்' என்று கம்பெனிகள் விட்டுவைத்த அதிர்வும் எங்காவது போய்ச் சேரத்தான் செய்கிறது: கைக்கோ, போல்ட்டுக்கோ, போனுக்கோ!