ஆங்கில வாக்கியத்தில் குடும்பப்பெயர்

ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளி இலக்கணங்கள் குடும்பப்பெயரைச் சிறப்புப்பெயர் வகையில் அடக்கி, அதன் முதலெழுத்தைப் பெரிய எழுத்தாக எழுதவேண்டும் என்ற விதியுடன் நின்றுவிடுவது வழக்கம். ஆயினும் அம்மொழியினர் நாள்தோறும் பேசும் வாக்கியங்களில் அப்பெயர் என்னென்ன கோலத்தில் வருகிறது என்பதை ஊன்றி நோக்குவோர்க்கு, அது ஆளைச் சுட்டுவதோடு நில்லாமல், பேசுபவருக்கும் பேசப்படுபவருக்கும் இடையேயுள்ள சம்பந்தத்தை அளந்து காட்டும் இலக்கணக் கருவியாகவும் தொழிற்படுவது புலனாகும்.

இதற்குக் காரணம் ஆங்கிலத்தின் சரித்திரத்திலேயே உள்ளது. தமிழில் மரியாதை வினைமுற்றின் விகுதியிலேயே அமைந்திருக்கிறது. வந்தான் என்பதற்கும் வந்தார் என்பதற்கும் உள்ள வேற்றுமையைப் பெயரின் துணையின்றியே உணர்கிறோம். ஆங்கிலத்திலும் நெருங்கியோரையும் தாழ்ந்தோரையும் 'தௌ' என்றும், உயர்ந்தோரை 'யூ' என்றும் விளிக்கும் பாகுபாடு ஒருகாலத்தில் இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் முன்னது பொதுவழக்கினின்று நழுவி, பின்னர் வழிபாட்டிலும் செய்யுளிலும் சில வட்டாரப் பேச்சுகளிலும் மாத்திரம் தங்கிவிட, முதலாளிக்கும் வேலையாளுக்கும் 'யூ' என்ற ஒரே சொல்லே பொதுவாயிற்று. சர்வநாமம் இழந்த பொறுப்பின் பெரும்பகுதி பெயரின்மீது ஏறியது என்பதே என் துணிபு.

அப்பொறுப்பை அது நிறைவேற்றும் விதங்கள் பல. அடைமொழியின்றித் தனித்து வரும்போது, ஒத்தாரிடையே அது நட்பின் அடையாளம். துப்பறியும் கதைகளில் வரும் ஷெர்லக் ஹோம்ஸும் அவர் நண்பர் வாட்ஸனும் பல்லாண்டு பழகிய பின்னரும் ஒருவரையொருவர் குடும்பப்பெயராலேயே அழைத்துக்கொள்கின்றனர். அதே வெற்றுப்பெயர் எஜமானர் வாயிலிருந்து பணியாளரை நோக்கி வரும்போது அதிகாரத்தின் குரலாகிவிடுகிறது. பெரிய மாளிகைகளில் தலைமைப் பணியாளரை வெறும் குடும்பப்பெயரால் அழைத்தவர்கள், சமையற்காரியை, அவள் மணமாகாதவளாயினும், 'மிஸஸ்' என்ற அடையோடு அழைத்ததும் பதவிக்கு அளித்த கௌரவமே. ஜேன் ஆஸ்டின் 1813-இல் வெளியிட்ட 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் மூத்த மகள் ஜேன் 'மிஸ் பென்னட்'. அவள் தங்கையோ 'மிஸ் எலிசபெத் பென்னட்'. பிறப்பின் வரிசையையே பெயரின் அமைப்பு புலப்படுத்துகிறது. சுட்டிடைச்சொல்லும் பன்மை விகுதியும் சேர்ந்து 'தி ஸ்மித்ஸ்' என்றாகும்போது குடும்பம் முழுவதும் ஒரு பெயருள் அடங்குகிறது. 'எ மிஸ்டர் ஸ்மித்' என்றாலோ, ஸ்மித் என்னும் முன்பின் அறியாத யாரோ ஒருவர் என்று பொருளாகிறது.

இவையெல்லாம் வெறும் சம்பிரதாயம் என்று கருதுவோர் உண்டு. ரோஜர் பிரவுனும் மார்கரீட் ஃபோர்டும் அமெரிக்க விளிவழக்கை ஆராய்ந்து 1961-இல் வெளியிட்ட கட்டுரை இக்கருத்துக்குத் தக்க விடையாகும். இருவர் ஒருவரையொருவர் ஒரே முறையில் அழைத்துக்கொள்வது சமநிலையையும், ஒருவர் முதற்பெயரால் அழைக்க மற்றவர் அடைமொழியும் குடும்பப்பெயருமாக மறுமொழி கூறுவது வயதின் அல்லது பதவியின் ஏற்றத்தாழ்வையும் காட்டும் என்று அவர்கள் கண்டனர். ஆகவே ஒரு வடிவத்தின் பொருள் அதற்கு எதிராக வரும் வடிவத்தைக் கொண்டே நிச்சயிக்கப்படுகிறது.

இக்கோட்பாட்டின் உண்மையை ஒரு வழக்கே மெய்ப்பித்தது. அமெரிக்கத் தென்மாநிலங்களில் வெள்ளையர் கறுப்பினத்தவருக்கு 'மிஸ்டர்', 'மிஸ்', 'மிஸஸ்' என்னும் அடைகளை மறுத்து, முதற்பெயராலேயே அழைப்பது நெடுங்கால வழக்கமாயிருந்தது. 1963-இல் அலபாமா மாநிலத்துக் காட்ஸ்டன் நகரிலிருந்த நீதிமன்றத்தில், இன சமத்துவத்துக்காகப் பாடுபட்ட மேரி ஹாமில்டன் என்னும் கறுப்பினப் பெண்மணியை அரசு வழக்கறிஞர் 'மேரி' என்று விளிக்க, தம்மை 'மிஸ் ஹாமில்டன்' என்று அழைத்தாலன்றி விடைகூற இயலாதென அவர் மறுத்தார். நீதிமன்ற அவமதிப்பென்று ஐந்து நாள் சிறைவாசமும் 50 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. 1964-இல் அமெரிக்க உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்து செய்தது. வெறும் சம்பிரதாயமாயின், அதைக் கேட்டதற்காக ஒருவர் சிறைத்தண்டனை பெறவும், அதை மறுப்பதில் ஓர் அதிகார வர்க்கம் அத்துணைப் பிடிவாதம் காட்டவும் நேர்ந்திராது.

எனவே ஆங்கிலத்தை நம் மாணவர்க்குப் போதிக்கும் ஆசிரியர்கள் குடும்பப்பெயரை எழுத்திலக்கணத்தின் சிறு விதியாக விட்டுவிடாமல், விளியும் மரியாதையும் பயிலும் இடத்தில் வைத்து விளக்குவதே தகும். பெயரை எவ்வாறு எழுதுவது என்பதை ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். யார் யாரை எப்பெயரால் அழைக்கலாம், அழைக்கப்பட்டவருக்கு அதே முறையில் திருப்பி அழைக்க உரிமையுண்டா என்பதைக் கற்றவரே அம்மொழி பேசும் சமூகத்தையும் கற்றவராவார்.